ஆறாவது நிமிடம், ஐந்தாம் நொடி

நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன்,
அதுதான் ஒப்பந்தம்.
ஒரு பக்கத் தாளில் அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்:
ச. ஞானசௌந்தரி, இடைநிலை ஆசிரியை.

செக்கானூரணி. சத்துணவு அறை.
அரிசி மூட்டைமேல் மடிக்கணினி.
முட்டை அட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து
போன செவ்வாய்க்கிழமையின் பின்னப் பாடத்தைப் பார்க்கிறோம்.

நான் குறித்து வைத்திருந்தது பதினாலாவது நிமிடம்.
கால் பெரிதா அரைக்கால் பெரிதா என்ற இடம்.
அதற்கென்று மூன்று கேள்விகள்,
நெறியாளர் திருத்திக் கொடுத்தவை.

அவர் முதலில் பார்த்தது தன் முதுகை.
"இப்படியா கூனிக்கிட்டு எழுதுறேன்?"
பிறகு முதுகுக்குப் பின்னால் நடந்ததை:
ஒரு ரப்பர் மூன்று வரிசை தாண்டிப் போய்
பல் தடத்தோடு திரும்பி வந்தது.
சிரித்தார்.
சிரிப்பு முடியுமுன்
"நிறுத்தும்மா."

திரையில் அவரே கேட்கிறார், புரிஞ்சுதா?
புரிஞ்சுது டீச்ச்சர், முப்பத்தொரு வாய்.
ஒன்று மட்டும் மூடியிருக்கிறது,
ஜன்னலோரம், மோனிஷா.
நாலு தடவை பின்னால் ஓட்டச் சொன்னார்.
"இத்தன வருசமா காதாலயே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

அப்புறம் பேசவில்லை.
தேனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனதை
எழுத்துப்படியில் எழுதிவிட்டேன்.
(அமைதி, நாற்பது நொடி) என்றும் போட்டேன்.
அந்த அடைப்புக்குறிக்குள்
அவர் முந்தானையால் கண்ணாடி துடைத்தது அடங்கவில்லை.
பதினாலாவது நிமிடத்துக்கு
நாங்கள் போகவே இல்லை.

மறுநாள் பிள்ளைகளுக்கு அதே படம், நால்வர் நால்வராக.
"டீச்சர் அன்னைக்குப் பட்டுச்சேல."
"நீங்க இருந்தீங்கள்ல, அதான் ஏலேன்னு கூப்பிடல."
மோனிஷா தன் மூடிய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"பல்லு ஆடுச்சுக்கா.
தொறந்தா விழுந்துரும்னு."
கணக்கு?
"கணக்கு அப்பவே புரிஞ்சுதே. கால்தான் பெருசு."

ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்ல மாட்டேன்.
அதுவும் அந்தத் தாளில்தான் இருக்கிறது,
ஐந்தாம் பத்தி,
நானே தட்டச்சு செய்தது.

தேதி விட்டுப்போன ஒரு கையெழுத்துக்காக
வியாழக்கிழமை மறுபடி போனேன்.
மேசைமேல் ஒரு கூடை கொய்யா.
ஞானசௌந்தரி கரும்பலகையில் முதுகைச் சாய்த்து
பிள்ளைகளைப் பார்த்தபடியே அறுக்கிறார்,
அரை, கால், அரைக்கால்,
விரலை வெட்டிக்கொள்ளப் போகிறார் என்று பயந்தேன்.
கண் ஒவ்வொரு வாயாகப் போகிறது.
புரிஞ்சுதா?

மோனிஷாவுக்குப் பல் விழுந்திருந்தது.
அந்தச் சந்து வழியாக
'சு' மட்டும் சீட்டியாக வந்தது.