முப்பத்தெட்டு எம்பி

டிஸ்கில் இருநூறு ஜிபி காலியிடம் வேண்டும்.
அண்ணன் ஹோக்னியின் கல்யாண வீடியோவை
அழித்தாள் ரன்வா. அவனிடம் சொல்லவில்லை.

கிளாக்ஸ்விக்கில் மழை பக்கவாட்டில் பெய்கிறது.
முதலில் கம்பைலரைக் கட்டும் கம்பைலர்,
பிறகு அது கட்டிய கம்பைலர்,
பிறகு கெர்னல்.
ஆறாயிரத்துச் சொச்சம் வேலைகளில்
நாலாயிரத்து எழுபதாவது
ஒரு காற்புள்ளிக்காக முறுக்கிக்கொண்டு நின்றது,
இரவு இரண்டரைக்கு.

ஃபேன் இரைய இரைய அறை சூடேறியது.
ஹீட்டரை அணைத்துவிட்டு
ஈரக் காலுறையைக் கணினி மேல் காயப்போட்டாள்.

விடிந்தபோது கையில் முப்பத்தெட்டு எம்பி.
சால்மன் கூண்டுக்கடியில்
உப்புத்தண்ணீரில் தொங்கிக்கொண்டு
விழும் தீவனத்தை எண்ணப்போகும் கண்ணுக்கு
அவ்வளவு உலகம் போதும்.
திரை வேண்டாம், எழுத்துரு வேண்டாம்,
தூங்கத் தெரிந்தால் சரி.

கார்டைச் செருகினாள். பச்சை விளக்கு.
தேதி கேட்டாள்.
1970, ஜனவரி ஒன்று என்றது போர்டு.

கடிகாரத்துக்கான வரியை விட்டிருக்கிறாள்.
ஹோக்னி பிறக்கவே
இன்னும் பத்தொன்பது வருஷம் கிடக்கிறது.
கல்யாணமே இல்லை,
அழிக்க என்ன இருக்கிறது?

திருத்துவதற்கு முன்
ஒரு நிமிஷம்
அப்படியே விட்டுவைத்தாள்.