இருநூறு கிலோ

மார்த்தாண்டம் பாலத்துக்கு அடியிலுள்ள கடையில்
டென்சிங் வாங்கிவந்தது
ஸ்பீக்கருக்கு ஒரு ஜோடி ஒயர்.
விலையை அவர் ரூபாயில் சொன்னார்.
நான் ஷீட்டில் கேட்டுக்கொண்டேன்:
இன்றைய விலைக்கு இருநூறு கிலோ.
புகைப்புரையில் அவ்வளவும் தொங்கினால்
எதிரில் நிற்கிற ஆளைத் தெரியாது.

பெட்டிக்குள் வெல்வெட்.
என் மோதிரமே
ரோஸ் காகிதத்தில் மடித்துத்தான் வந்தது.

ஆக்சிஜன் நீக்கிய செம்பாம்.
பாட்டு எந்தப் பக்கம் போகவேண்டுமென்று
அம்புக்குறிகூடப் போட்டிருக்கிறது.
வீட்டுக்குக் கரண்டு கொண்டுவரும் கம்பியோ
குலசேகரத்திலிருந்து கமுகுகளை உரசி,
மூன்று இடத்தில் ஒட்டுப்போட்டு,
செத்த வௌவால் ஒன்றையும் சுமந்து வருகிறது.
அதற்கு அம்பு கிடையாது.

செவ்வாய் விடியுமுன்
தலையில் லைட்டோடு அவர் பால்வெட்டுக்குப் போனதும்
ஒயரைக் கழற்றினேன்.
சிவப்பும் கறுப்பும் முறுக்கிய பழையது,
மீட்டர் பதினெட்டு ரூபாய்,
அதைச் செருகினேன்.
வெல்வெட்காரன் பெட்டியோடு அரிசிப் பானைக்குள்.
ஸ்டாண்டுக்குப் பின்னால்
யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்,
பெருக்குகிறவளைத் தவிர?

சாயங்காலம் கண்ணை மூடி உட்கார்ந்தார்.
"கேட்டியா? வயலினைத் தொடுகதுக்கு மின்ன
ஆளு மூச்சு வலிக்கான்.
பழைய ஒயருல இது உண்டுமா?"

கேட்டது.
பொய் சொல்லவில்லை, எனக்கும் கேட்டது.
பதினெட்டு ரூபாய்க்குள் யாரோ ஒருவன்
மூச்சை இழுத்துக்கொண்டு வில்லை வைத்தான்.
பதினாலு வருஷமாய் அங்கேயே
இழுத்துக்கொண்டுதான் இருந்திருப்பான்.
நான் அடுக்களையில் மிக்ஸி ஓட்டினேன்.
அவர் பாட்டைப் போட்டுவிட்டு
போனில் ரப்பர் விலை பார்த்தார்.

ஏழு நாளுக்குள் கொண்டுபோனால் பணம் திரும்பும்.
ரசீதின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில்.
நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.
பிறகு அதற்கும் மறுநாள்.
அவர் தினமும் ஒரு நாற்காலியை
எனக்கென்று இழுத்துப் போட்டதுதான் காரணம்.

ஐந்தாம் நாள் மழை. வெட்டு இல்லை.
தகரக்கூரையில் அது விழுந்த விழுப்பில்
ஸ்பீக்கர் இரண்டும் வாயை மட்டும் அசைத்தன.
கூட்டிப் பார்த்தார். இன்னும் கூட்டினார்.
அணைத்துவிட்டு எழுந்து போனார்.

மழை நாளில் கஞ்சி வைப்பது அவர்.
அதை நான் மறந்திருந்தேன்.

உழக்கு பானைக்குள் எதிலோ தட்டிய சத்தம்,
அத்தனை மழையிலும்,
ஒரு ஒயரும் இல்லாமல்,
துல்லியமாய் வந்தது.