ஈரத் தோலா, காய்ஞ்ச தோலா

முதற் கூட்டத்திலேயே முக்கால்வாசி நிறம் போயிற்று.
சிவப்பும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம் என்றார் தலைவர்.
காரணம் சொல்லவில்லை.
ஒருவரும் கேட்கவுமில்லை.
பச்சை ஒரு கட்சி, நீலம் மற்றது,
ஊதா போன் கொம்பனிக்காரருடையது.
காவி என்றதும் ஜெனிற்றா அக்கா
பேனையை மூடிக் கைப்பைக்குள் வைத்தா.
வெள்ளை?
"செத்தவீட்டுக்கோ பிள்ளை?"

பண்ணையில் தொடங்கி
அல்லைப்பிட்டி போய்த் திரும்புகிற பத்துக் கிலோமீற்றர்,
விடிய ஐந்தரைக்கு.
ஓடுவதற்கு முன்னமே
எனக்கு மூச்சு வாங்கியது.

ரொறொன்ரோவிலிருந்து சாமத்தில் குரற்செய்தி:
சூரியன் வையுங்கோ. தோணி வையுங்கோ.
பனை இல்லாமல் என்ன யாழ்ப்பாணம், ஒண்டாவது வையுங்கோ.
எங்கட பெயரைக் கொஞ்சம் பெருப்பியுங்கோ.
நான் ஓர் எழுத்தை வைத்தேன்.
ஓ.
ஓட்டத்தின் ஓ. தொடக்கத்தில் ஒரு சுழி,
பிறகு வளைந்து போய்
வந்த பக்கமே பார்க்கிற கோடு.
சுழியைப் பண்ணை என்று நினைத்துக்கொண்டேன்.
கூட்டத்தில் அதைச் சொல்லவில்லை;
சொன்னால் மற்றச் சுழி எந்த ஊர் என்று
சண்டை வந்திருக்கும்.

மூன்று மொழியும் சமனாக வரவேணும்.
சிங்களம் உருண்டை, தமிழ் அகலம், ஆங்கிலம் ஒல்லி.
ஒரே உயரம் கொடுத்தால் ஒரே அளவாய்த் தெரியாது.
ஒரே அளவாய்த் தெரியப்பண்ணினால்
அடிமட்டத்தோடு ஒருவர் வருவார்.
வந்தார்.

நிறம் கிடைத்தது திருநெல்வேலிச் சந்தையில்,
மீதிக் காசுக்கு நின்றபோது.
சின்ன வெங்காயம்.
எந்தக் கொடியிலும் இல்லை,
எந்தக் கோயிலும் உரிமை கேட்காது,
எல்லார் குசினியிலும் இருக்கும்.
கையில் ஒரு பிடி தோலோடு
கஸ்தூரியார் வீதிக்குப் போனேன்.
பிளெக்ஸ் அடிக்கிற அருமைத்துரை அண்ணன்
தோலை லைற்றுக்குப் பிடித்துப் பார்த்துக் கேட்டார்:
"ஈரத் தோலோ, காய்ஞ்ச தோலோ?"

ஈரம் என்றேன், யோசிக்காமல்.

பனர் வெங்காயமாய் வந்தது.
கொழும்பில் தைத்த ரீசேட் ரோசாப்பூவாய் வந்தது.
நெஞ்சில் குத்துகிற இலக்கத் துண்டு
பீற்றூட் அவித்த தண்ணி.
பதக்கத்து நாடா மட்டும் எனக்குப் பிடித்திருந்தது,
அது பிழையான கடையிலிருந்து வந்த நாடா.
பதினாலு பக்கத்தில் விதி எழுதியிருந்தேன்:
சின்னத்தைச் சுற்றி இவ்வளவு வெளி விடவும்,
சரிக்க வேண்டாம், நிழல் போட வேண்டாம், இழுக்க வேண்டாம்.
பதினாலாம் பக்கத்தை
வாசித்தவர் நான்தான்.

அன்று சோளகம் விதியைக் கிழித்தது.
தொடக்க வளைவு நாலரைக்கே கடலேரிக்குள் போய்
முழங்கால் தண்ணியில் நின்றது, தலைகீழாக.
நிரோஷனும் அவன் வகுப்புப் பெடியளும்
சோக்கட்டியோடு சைக்கிளில் பறந்தார்கள்;
திரும்புகிற இடமெல்லாம், தண்ணி வைத்த இடமெல்லாம்
தார் றோட்டில் ஓ, ஓ, ஓ.
சிலது சரிந்தது. சிலதில் சுழியே இல்லை.
ஒன்றுக்கு ஆரோ கண்ணும் மூக்கும் வைத்திருந்தார்கள்.
நானூற்றுப் பதினாறு பேரில்
ஒருவரும் வழி மாறவில்லை.

அடுத்த மாதம் அதே சந்தையில்
என் பனரை நிலத்தில் விரித்து
வெங்காயம் குவித்திருந்தா ஒரு மனுசி.
ஓவின் வால் மட்டும் வெளியே தெரிந்தது.
குந்தியிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து
வாலோடு சேர்த்துப் பிடித்தேன்.

"எத்தினை கிலோ?" என்றா.

காய்ஞ்ச தோல்.
காய்ஞ்ச தோல் என்று சொல்லியிருக்கவேணும்.