விண்ட்ஃபால்

லெட்பரி தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு
எடை உண்டு, நாற்றமும் உண்டு.
அக்டோபர் காற்று உதிர்த்த ஆப்பிள்:
ஒரு பக்கம் கன்றிப்போய்
உள்ளே குளவி.
பறித்தது கடைக்கு.
விழுந்தது சைடர் ஆலைக்கு, மூட்டை பாதி விலை.
அவர்களும் ஒதுக்கினால் பன்றிக்கு.
இருபது வருஷமாய்
ஹெஸ்டர் ப்ராசர் குனிந்து பொறுக்கும் சொல்.

வங்கியில் டை கட்டிய பையன்
திரையைப் பார்த்துச் சிரித்தான்:
"நல்ல விண்ட்ஃபால், மிஸ் ப்ராசர்!"

அவன் அகராதியில் அது
கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டுவது.

கூரை.
பிப்ரவரியில் தேவாலயக் கூரைக்கு
ஓடு மாற்ற ஏறினான் ஐவர், அவள் தம்பி.
அன்றைக்குக் காற்று அதிகம் என்று
எல்லோரும் பிறகு சொன்னார்கள்.
காப்பீட்டுக்காரர்கள் எட்டு மாதம் வாதாடி
ஒப்புக்கொண்ட தொகை இது.

காற்று. விழுதல்.
இரண்டையும் ஒட்டித் தைத்தவர் யாரோ,
எது விழுந்தது என்பதற்குச்
சொல்லில் இடம் வைக்கவில்லை.

சங்கிலியில் கட்டிய பேனாவால்
கையெழுத்துப் போட்டாள்.
பையனுக்கு நன்றிகூடச் சொன்னாள்.

பேருந்து வர இருபது நிமிஷம்.
கோட்டுப் பையில் காலையில் போட்ட ஆப்பிள்.
துடைத்தாள், திருப்பிப் பார்த்தாள்,
கன்றிய பக்கத்திலிருந்தே
கடிக்க ஆரம்பித்தாள்.