இரண்டாம் முறை இழுத்தது

கோரிமேட்டில் சமதளம் என்று ஒன்று
கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் மட்டும்தான்.
பாட்டில் தண்ணீரைக் கொட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தேன்:
எந்தப் பக்கமும் ஓடாமல்
திகைத்த மாதிரி நின்றது.
அன்றிலிருந்து வண்டி கைமாறுவது அங்கேதான்.
ஐந்தரைக்கு மாதையன் விட்டுவிட்டுப் போவார்,
சாவி முன்சக்கரத்தின் மேல்.
ஆறு மணிக்கு நான்.

ஒரு கார், பாதிப் பாதி கடன்.
பகல் எனக்கு, இரவு அவருக்கு.
பேச்செல்லாம் டேஷ்போர்டு நோட்டில்:
'டீசல் 1200.'
'பின் டயரில் காற்று கம்மி.'
'ஏற்காடு ஒரு நடை. ஒருத்தர் வாந்தி. கழுவிவிட்டேன்.'
'ஆயில் ஃபுல்.'

ஃபுல் என்று எழுதும்போது மட்டும்
அவர் எழுத்து கொஞ்சம் பெரிதாகும்.

பானட்டைத் தூக்கி
மஞ்சள் வளையத்தில் விரல் நுழைத்து இழுக்கிறேன்.
கம்பி நெடுக எண்ணெய்ப் பூச்சு.
முதல் முறை அது எல்லாருக்கும் நல்லவன்,
என்ன கேட்டாலும் ஆமாம் போடும்.
துடைக்க வேண்டும், நூல் உதிராத பனியன் துணியால்.
அடிவரை செருகி மறுபடி இழுத்து
படுக்கைவசமாகப் பிடிக்க வேண்டும்;
நுனியைத் தூக்கினால் கைப்பக்கம் வழிந்து ஏமாற்றும்.
இரண்டு புள்ளிகள்.
கீழ்ப்புள்ளியை ஒட்டி நின்றது
மாதையனின் ஃபுல்.

'எங்கே நிறுத்திப் பார்த்தீர்கள்?'
மறுநாள் பதில்: 'ஒண்டிக்கடை. டீ குடிக்கிறப்ப.'

மலையில்!
சரிவில் வண்டி மூக்கு குத்தி நிற்க,
ஏறிக் களைத்த இன்ஜினில்
பாதி எண்ணெய் இன்னும் மேலேயே தொங்கிக்கொண்டிருக்க,
துடைக்காத கம்பியை டார்ச் வெளிச்சத்தில்…
ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.
கிழிக்காமல் விட்டது இவ்வளவுதான்:
'இங்கே வந்து பாருங்கள். அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து.
துடைத்து. இரண்டாம் முறை.'

ஒரு வாரம் பதில் இல்லை.
'ஆயில் ஃபுல்' என்பதும் இல்லை.
அரை லிட்டர் நானே வாங்கி ஊற்றி
பில்லை நோட்டில் குத்தி வைத்தேன்,
சம்மன் மாதிரி.

அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கடியில் விரித்தேன்.
காலையில் அட்டை அப்படியே சுத்தம்.
ஒழுகாமல் குறைகிறதென்றால்
உள்ளேயே எரிகிறது.
பதினாலாவது கொண்டை ஊசியில்
இரண்டாம் கியருக்கு இறக்கி மிதித்தபோது பார்த்தேன்,
கண்ணாடியில் நீலமாய் ஒரு நூல்,
சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே.
பின்சீட்டுக் குழந்தை 'மேகம்' என்றது.
ஆமாம் என்றேன்.

மழை பெய்த ஒரு வியாழக்கிழமை
நோட்டில் பொடி எழுத்தில் ஒரு பக்கம்:

'ஜெயசீலி அவர்களுக்கு.
மண்டபத்துக்குப் பின்னால் நிறுத்தினேன்.
அணைத்துக் கால் மணி நேரம் ஆயிற்று.
துடைத்தேன். இரண்டு முறை பார்த்தேன்.
கீழ்ப்புள்ளிக்கு மேல் ஒரு நெல் அளவு.
புகை வருகிறது. மூன்று மாதமாக எனக்குத் தெரியும்.
ரிங் வேலை என்கிறான் பள்ளப்பட்டி மெக்கானிக்.
இருபத்தெட்டாயிரம் கேட்கிறான்.
என் பாதி இப்போது கையில் இல்லை.
பாப்பாவுக்குக் காலேஜ் கட்டிவிட்டேன்.'

உள்விளக்கைப் போட்டு இரண்டாம் தரமும் படித்தேன்.
பிறகு குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு
பானட்டைத் திறந்தேன்.
துடைத்து, செருகி, இழுத்து.
ஒரு நெல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

டிக்கியில் இருந்த டப்பாவிலிருந்து
சிறு டம்ளர் அளவு ஊற்றி,
இறங்கட்டும் என்று காத்து நின்றேன்.
ஜங்ஷனில் சென்னை வண்டி வந்திருக்கும்.
போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது.
மேல்புள்ளிக்கு வெகு கீழேதான் இன்னும்;
இன்னொரு டம்ளர்.

நோட்டில் எழுதினேன்: 'நானும் பார்த்தேன். சரிதான்.'
பணத்தைப் பற்றி
அப்போது ஒன்றும் எழுத வரவில்லை.

பானட்டைச் சாத்தப் போகையில்தான் கண்டேன்,
பாட்டரி ஓரத்தில்
நாலாய் மடித்து வைத்த புதுப் பனியன் துணி.
அதன் ஒரு மூலையில் மட்டும்
இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பு.