தொலையாவட்டம்

இரவு பதினொன்று நாற்பதுக்கு
ஷைஜின் கூப்பிட்டான்.
"அண்ணே, பிங் முந்நூத்திப் பன்னெண்டு.
நான் சுட்டேன், அவன் சாவேல்ல.
அவன் சுட்டது தெரியவே இல்ல, நான் செத்துக் கெடக்கேன்.
இதுக்கு ஆரு பொறுப்பு?"

கருங்கலிலிருந்து இந்தப் பக்கம்
நூற்றுத் தொண்ணூறு வீட்டுக்கு நான்தான் கேபிள்காரன்.
செத்தவன் போன் போட்டுப் புகார் சொல்வது
இந்தத் தொழிலில் மட்டும்தான்.

அரையிறுதியாம்.
திருவிதாங்கோட்டிலிருந்து நிஷாத் சொல்கிறானாம்,
உனக்க போனைத் தூக்கிக் கெணத்துல போடு.
குலசேகரத்து அனிஷ்மா அதற்கும் மேலே:
பிந்திச் சுட்டுட்டு நெட்டுமேல பழி போடாத.
அவன் அம்மை அடுக்களையிலிருந்து,
ராத்திரி முழிச்சிருந்தா எல்லாம்தான் பழுதாவும்.
விளையாட்டுக் கம்பெனிக்கு எழுதினால்
"உங்கள் இணைப்பைச் சரிபார்க்கவும்" என்று
கண்ணடிக்கும் பொம்மையொன்று பதில் அனுப்புகிறது.
இணைப்பு என்றால் நான்.

என் முதலாளி கிளாட்சனுக்கு ஒரே மருந்து:
"சிங்கப்பூர் சர்வர்னு சொல்லிரு.
அங்க போய் ஆரு பாக்கப் போறா?"

சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டுத் தூங்கியிருக்கலாம்.
ஆனால் அவன் அழுதுகொண்டிருந்தான்,
பத்தொன்பது வயதுக்காரன், பாலிடெக்னிக்,
மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும்
ஒரு நொடிகூடத் தாமதமில்லாமல் வந்தது.

இடவப்பாதி மழை.
பைக்கில் ஏணியைக் கட்டிக்கொண்டு போனேன்.
போகிற வழியெல்லாம் குற்றவாளிகள்.
கேபிள்மேல் சாய்ந்து நிற்கும் அயனி மரம்,
அதை வெட்டக் கூடாது என்கிற வேலப்பன்,
கேரளத்துக்குக் கல் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகள்,
அணில்கள்,
குடிதண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிவிட்டு மூட மறந்த பஞ்சாயத்து.
ஒவ்வொன்றிடமும் டார்ச்சை அடித்தேன்.
யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

தொலையாவட்டம்.
ஊருக்கு இந்தப் பெயரை வைத்தவன்
திரையின் நடுவில் சுற்றிச் சுற்றி நிற்கிற அதை
முன்கூட்டியே பார்த்துவிட்டானோ என்னவோ.

குருசடிக்குப் பக்கத்துக் கம்பம்.
மேலே பெட்டியைத் திறந்தால் முதலில் முசுறு.
அப்புறம் கறுப்பு டேப்.
டேப்பைக் கிழித்த விதம் எனக்குத் தெரியும்,
பல்லால் கிழித்தது, என் பல்லால்.
பங்குப் பெருநாளுக்கு முந்தின நாள்,
எட்டாவது வீடு, மத்தியானம் சாப்பிடவில்லை,
கிளாட்சன் பெரிய பெட்டி தரவில்லை,
சின்னப் பெட்டிக்குள் நாரை மடக்கித் திணித்திருக்கிறேன்.
வெளிச்சம் அவ்வளவு கூர்மையாகத் திரும்பாது.
பயிற்சியின் முதல் நாளே சொல்லித் தருவது அது.

மடிப்பைத் தளர்த்தினேன்.
விரல் அகலத்துக்கு, இன்னும் கொஞ்சம்.
முசுறு சட்டைக்குள் இறங்கியது.

"எத்தர இப்பம்?"
"நாப்பத்தொண்ணு! அண்ணே, நாப்பத்தொண்ணு!
என்னவாக்கும் பிரச்சனை?"

இங்கிருந்து சிங்கப்பூர் போய்த் திரும்ப
என் விரலைத் தாண்டுகிற அந்த வெளிச்சத்துக்குக்
கண் இமைக்கிற நேரம் வேண்டாம்.
நான் வாயைத் திறக்க
மழை ஒருமுறை விட்டுத் திரும்பப் பிடித்தது.
"அண்ணே? கேக்குதா? கட் ஆவுதா?"
"சர்வர்" என்றேன்.
"நான் அப்பமே சொன்னேன்லா," என்றான்.
"நிஷாத்தை மன்னிப்புக் கேக்க வைக்கேன் பாருங்க."

மத்திகோடு திருப்பத்திலிருந்து ஒரு டாரஸ் வந்தது,
தார்ப்பாய் இல்லாமல், மலையைக் குவித்துக்கொண்டு.
தாழ்ந்து கிடந்த கேபிளை
ஒரு கையால் கம்பத்தைக் கட்டிக்கொண்டு
மறு கையால் எட்டித் தூக்கிப் பிடித்தேன்.
உரசாமல் போய்விட்டது.

நூற்றுத் தொண்ணூறு வீட்டில்
யாருக்கும் எதுவும் தெரியவில்லை.
நாளைக்குப் பெரிய பெட்டி கேட்க வேண்டும்.