புல்லுக்குள் ஒரு கண்

மூன்று வசந்தம் தோற்றேன்.
சலித்த மணல், மட்கிய இலை, மண்தொட்டி.
விதை குளிரில் உறங்கவேண்டுமாம்;
குளிர்பெட்டியில் பாலாடைக்கட்டிக்குப் பக்கத்தில்
நான்கு மாதம் படுக்கவைத்தேன்.
எண்டெல் அதை மிளகுத்தூள் என்று நினைத்து
ஒருநாள் முட்டைமேல் தூவித் தின்றான்.

மிச்சம் முளைத்தது.
நகக்கண் அளவு இரண்டு இலை.
அப்படியே நின்றது, யாருக்கோ காத்திருப்பதுபோல.
ஜூனில் செத்தது.

எங்கள் சாரெமா தீவில் இதற்குக் கண்மருந்து என்று பெயர்.
விரல் உயரம். வெள்ளைப் பூ,
ஊதா நரம்பு, கீழுதட்டில் மஞ்சள் பொட்டு,
இரவுப்பணி முடிந்து வருகிறவன் கண்போல.
ஆடு மேயும் கடலோரச் சுண்ணாம்புத் தரையில்
மிதித்துக்கொண்டுதான் போகிறோம்.
என் தொட்டிக்கு மட்டும் வரமாட்டேன் என்றது.

நான் படகுத்துறையில் கார்களுக்குக் கைகாட்டுகிறவள்.
பதினோரு வருடமாக உப்புக்காற்று
என் இமைக்குள் குடியிருக்கிறது,
வாடகை தராமல்.

நான்காம் வருடம் பனியில் வழுக்கி
மணிக்கட்டு உடைந்தது. களை பிடுங்க ஆளில்லை.
எண்டெல் தொட்டிப் பக்கம் போவதில்லை,
முட்டை ஞாபகம்.
கண்டபடி புல் மண்டியது.
வெட்கப்பட்டு அதை விறகுக் கொட்டகைக்குப் பின்னால்
தள்ளிவைத்தேன்.
ஆகஸ்டில் விறகெடுக்கப் போனபோது
புல்லுக்குள்ளிருந்து ஏதோ என்னைப் பார்த்தது.

ஒரு பிடி பெயர்த்து, மண் கழுவினேன்.
வேர் வேரைக் கவ்வியிருந்தது,
காம்பை விடாத ஆட்டுக்குட்டி வாய்.
அதன் சோற்றையெல்லாம் நானே பிடுங்கி எறிந்துவிட்டு
ஏன் இளைத்தாய் என்று
மூன்று வருடம் கேட்டிருக்கிறேன்.

ஒட்டிப் பிழைப்பவனைப் புல்லுருவி என்று ஏசுவோம்.
இதைப் பார்த்து அப்படிச் சொன்னால்
ஆமாம் என்று தலையாட்டும்,
காற்றிருந்தால்.

பூவும் தண்டுமாக ஒரு கைப்பிடி,
கொதிநீரில் மூடிவைத்து, ஆறியதும்
மெல்லிய துணியில் இருமுறை வடித்து,
அந்தத் துணியையே நனைத்து மூடிய கண்மேல்.
கண் மருத்துவர் லிண்டா சொட்டுமருந்தைத்தான் நம்புகிறார்.
சொட்டும் விடுகிறேன்.
எது கேட்டது என்று கண்ணைக் கேட்கவில்லை.
குளிர்ந்தது. கடைசிப் படகின் விளக்கு
ஒன்றாகவே தெரிந்தது.

செப்டம்பரில் புல்விதை வாங்கப் போனேன்.
எத்தனை சதுர மீட்டர் என்றான் கடைக்காரன்.
ஒரு தொட்டி, என்றேன்.
சிரிக்காமல் நிறுத்துக் கொடுத்தான்.